முதியோர் டயபரின் இலாஸ்டிக் இடுப்புப்பட்டி: பயனும் அணிவிக்கும் முறையும்

கட்டிலில் கிடக்கும் முதியவருக்கு டயபர் அணிவித்த பின்னரும் விடியற்காலையில் விரிப்பு நனைந்திருந்தால், வீட்டார் முதலில் குறை காண்பது அதன் உறிஞ்சும் திறனைத்தான். அடுத்த முறை விலை கூடிய பக்கற்றை வாங்குகிறார்கள். அதுவும் உதவாதபோது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை அணிவிக்கிறார்கள். ஆனால் நனைந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால், பல வேளைகளில் அது இடுப்பின் பின்புறத்தை ஒட்டியே இருக்கும். உள்ளிருக்கும் பஞ்சு நிரம்புவதற்கு முன்னரே, இடுப்பு விளிம்பில் இருந்த இடைவெளி வழியாகச் சிறுநீர் வெளியேறிவிட்டது என்பதே அதன் பொருள். அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் இலாஸ்டிக் இடுப்புப்பட்டி வைக்கப்படுகிறது. திருகோணமலையில் வீட்டில் வைத்து முதியவர்களைப் பராமரிக்கத் தொடங்குபவர்களுக்காக, அது வேலை செய்யும் விதத்தையும் அதற்கேற்ப டயபரை அணிவிக்கும் முறையையும் இங்கே விளக்குகிறேன்.

டயபரின் நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பொலிஅக்ரிலேற்று என்னும் தூளும் கலந்த மெத்தை இருக்கும். அத்தூள் நீரை இழுத்துக் களியாக மாறுவதற்குச் சிறிது நேரம் எடுக்கும். ஒரேயடியாகப் பாயும் சிறுநீர் அந்த நேரத்துக்குள் தாழ்வான பக்கத்தை நோக்கி ஓடும். மல்லாந்து படுத்திருப்பவருக்குத் தாழ்வான பக்கம் முதுகுப்புறமாகும். உறிஞ்சும் மெத்தையோ இடுப்பு விளிம்பு வரை நீள்வதில்லை. ஆகவே அந்த விளிம்பு தோலோடு படிந்திருந்தால் மட்டுமே, ஓடி வந்த நீர் மெத்தையிலேயே தங்கி உறிஞ்சப்படும். வயிற்றோட்டம் உள்ளவருக்கு இது இன்னும் முக்கியமானது, ஏனெனில் அத்தூள் நீர்த்த மலத்தை எளிதில் உறிஞ்சாது. அங்கே இடுப்புப்பட்டியின் பின்பகுதியான பின்பட்டிதான் தடுப்பு.

இப்பட்டி இறுக்குவதற்காக வைக்கப்பட்டதன்று. மனித இடுப்பின் சுற்றளவு ஒரு நாளைக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும்: படுத்திருக்கும்போது வயிறு தட்டையாகும், கதிரையில் அமர்ந்தால் மடிந்து பெருக்கும், சாப்பிட்ட பின்னர் சற்று உப்பும், ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கும். இழுபடாத விளிம்பைப் படுத்த நிலையில் பொருத்தினால், அமர்ந்ததும் வயிற்றை வெட்டும். அமர்ந்த நிலையில் பொருத்தினால், படுத்ததும் வாய் திறந்துகொள்ளும். இலாஸ்டிக் பட்டி அந்த மாற்றத்தைத் தொடர்ந்து நீண்டும் சுருங்கியும் உடலோடு செல்கிறது. 1958இல் அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனத்தில் யோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பாண்டெக்ஸ் இழை தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேலும் நீளக்கூடியது. அத்தகைய இழைகளையோ மெல்லிய நுரைப்பட்டியையோ இழுத்துப் பிடித்தபடி இரு துணிப் படைகளுக்கிடையே ஒட்டுவதால்தான் விளிம்பில் சுருக்கங்கள் தெரிகின்றன. நனைந்து பாரமான டயபர் கீழே தொய்ந்துவிடாமல் தாங்குவதும், நோயாளியைப் புரட்டும்போது ஒட்டுப்பட்டிகள் பிய்ந்துபோகாதபடி இழுவையைத் தான் வாங்கிக்கொள்வதும் இதே பட்டிதான்.

முதலாம் படி, வகையைத் தெரிவு செய்தல். நடமாடக்கூடியவருக்கு, இடுப்பைச் சுற்றிலும் இலாஸ்டிக் உள்ள, உள்ளாடை போல் இழுத்துப் போடும் வகை பொருந்தும். படுக்கையில் இருப்பவருக்கு இருபக்கமும் ஒட்டுப்பட்டி உள்ள வகையே வசதி. ஒட்டும் வகையில் சிலவற்றுக்கு முன்னும் பின்னும் இடுப்புப்பட்டி இருக்கும், சிலவற்றுக்குப் பின்னால் மட்டும் இருக்கும், மலிவானவை சிலவற்றில் இல்லவே இல்லை. பாமசியில் வெறுமனே ‘பெரியவர்களுக்கான பம்பர்ஸ்’ என்று கேட்டால் கையில் அகப்பட்டதைத் தருவார்கள். பின்புறம் இலாஸ்டிக் உண்டா என்று கேட்டு, பக்கற்றிலுள்ள படத்தையும் பார்த்து வாங்குங்கள். என் கருத்தில், பணத்தைக் கூட்டிச் செலவழிப்பதானால் தடித்த மெத்தைக்கு முன்னதாகப் பின்பட்டிக்கே செலவழிக்க வேண்டும்.

இரண்டாம் படி, அளவெடுத்தல். தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடாவால் தொப்புள் மட்டத்திலும், பிட்டத்தின் மிக அகன்ற இடத்திலும் சுற்றளவை எடுத்து, பெரியதைக் கொண்டு பக்கற்றில் உள்ள அட்டவணையைப் பாருங்கள். பெரிதாக இருந்தால் கூடுதலாக உறிஞ்சும் என்று எண்ணிப் பெரிய அளவை வாங்குவது பரவலான வழக்கம். அப்படி வாங்கிய டயபரில் இலாஸ்டிக் நீளவே வாய்ப்பின்றித் தளர்ந்து கிடக்கும். நீளாத இலாஸ்டிக்கால் பயனில்லை. அணிவித்த பின்னர் இருபக்க ஒட்டுப்பட்டிகளும் வயிற்றின் நடுவில் ஒன்றையொன்று தொட்டால் அளவு பெரிது. முன்பகுதியின் ஓரத்தையே எட்டிப் பிடிக்க நேர்ந்தால் சிறிது.

மூன்றாம் படி, இடுப்பைத் தயார் செய்தல். தோலைக் கழுவி, துவாயால் ஒற்றித் துடைத்து, மடிப்புகள் முழுதாக உலரும் வரை காத்திருங்கள். உடம்புக்கு நல்லெண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் விரல்களில் எண்ணெய் ஒட்டியிருக்கும். எண்ணெயோ பவுடரோ பட்டால் ஒட்டுப்பட்டி பிடிக்காது. அரைஞாண்கொடி அணிந்திருப்பவருக்கு அதை மேலே நகர்த்திவிட வேண்டும். பட்டிக்கும் தோலுக்கும் நடுவே கயிறு கிடந்தால், அங்கே சிறு கால்வாய் உருவாகும். அத்தோடு கயிறு அழுந்திய இடத்தில் தோலும் உரியும். பெரியவர் கொடியை நகர்த்தச் சம்மதிக்காவிட்டால், முதலில் பேசிப் பாருங்கள். நித்திரையில் இருக்கும்போது அறுத்துவிட வேண்டாம்.

நான்காம் படி, இருத்துதல். விளைவைத் தீர்மானிக்கும் படி இதுவே. டயபரை நீளவாக்கில் மடித்து, இரு ஓரங்களும் எழும்பித் தோணி போல் குழிவாக வருமாறு மெல்ல இழுத்துவிடுங்கள். உள்ளே படுத்திருக்கும் கசிவுத்தடுப்பு மடல்கள் அப்போது எழுந்து நிற்கும். நோயாளியை உங்களை நோக்கி ஒருக்களிக்கச் செய்து, பின்பட்டி இடுப்பு மட்டத்தில் வருமாறும், டயபரின் நடுக்கோடு முதுகெலும்பின் நேரே அமையுமாறும் வையுங்கள். பின்பட்டி பிட்டத்தின் சரிவில் இருந்தால், எவ்வளவு நல்ல இலாஸ்டிக்காக இருந்தாலும் முதல் அசைவிலேயே கீழே வழுக்கும். பின்னர் மல்லாத்தி, முன்பகுதியைக் கால்களுக்கிடையே மேலே கொண்டு வாருங்கள். ஆண்களுக்கு ஆண்குறி கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் நீர் நேரே முன்பட்டியில் மோதும்.

ஐந்தாம் படி, ஒட்டுதல். முதலில் கீழ் ஒட்டுப்பட்டிகளைச் சற்று மேல்நோக்கிய சரிவில் ஒட்டுங்கள். அவை தொடையையும் பிட்டத்தையும் அணைக்கும். அதன் பின்னர் மேல் ஒட்டுப்பட்டிகளைச் சற்றுக் கீழ்நோக்கிய சரிவில் ஒட்டுங்கள். பின்பட்டியின் சுருக்கங்கள் பாதியளவு விரியும் வரை இழுத்தால் போதும். சுருக்கங்கள் முற்றாக மறையும்படி இழுத்தால், அவர் எழுந்து அமரும்போது நீள்வதற்கு மிச்சம் எதுவும் இராது. தொடையோரத்துச் சுருக்கங்கள் உட்பக்கம் மடிந்திருந்தால் விரலால் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி, சோதித்தல். முன்பட்டிக்குள் இரண்டு விரல்கள் இலகுவாக நுழைய வேண்டும். முழுக் கையும் நுழைந்தால் தளர்வு. பின்னர் அவரை அமரச் செய்து அல்லது கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, இடுப்பின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே வாய் பிளந்திருந்தால் மேல் ஒட்டுப்பட்டியை மட்டும் கழற்றி மீண்டும் ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாரத்தின் முடிச்சை இந்தப் பட்டியின் மேல் வைத்துக் கட்ட வேண்டாம். இரண்டு டயபர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அணிவிப்பதிலும் பயனில்லை, ஏனெனில் உள் டயபரின் வெளிப்புறப் படை நீரை அடுத்ததற்குப் போகவிடாது, வெப்பந்தான் கூடும்.

வெப்பம் திருகோணமலையில் சிறிய விடயமன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இடுப்புப்பட்டியின் கீழே வியர்வை தேங்கி அரிப்பு உண்டாகும். மாற்றும் ஒவ்வொரு முறையும் பட்டி இருந்த இடத்தைப் பாருங்கள். சுருக்கத்தின் இலேசான தடம் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, அழுத்தப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். அதனை வைத்தியரிடமோ தாதியிடமோ காட்ட வேண்டும். மீதமுள்ள பக்கற்றுகளைத் தகரக் கூரையின் கீழுள்ள பரணில் வைக்காமல் அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள், ஏனெனில் இலாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் பசை வெப்பத்தில் இளகக்கூடியது.

கொழும்புக்கோ கண்டிக்கோ கிளினிக்குக்காக வான் வண்டியில் அழைத்துச் செல்லும்போது, இருக்கையைப் பாதி சாய்த்து வைப்பது வழக்கம். பின்பட்டி விலகுவதற்கு அதைவிடத் தோதான நிலை வேறில்லை. புறப்படும் முன்னர், சாய்ந்த நிலையிலேயே மேல் ஒட்டுப்பட்டிகளைத் திருத்துங்கள். கந்தளாயிலோ ஹபறணையிலோ நிறுத்தும்போது பின்புறத்தை மீண்டும் தடவிப் பாருங்கள். இழுத்துப் போடும் வகையாக இருந்தால், நனைந்ததைக் கால்வழியாக இறக்காமல் இருபக்கத் தையலையும் மேலிருந்து கிழித்து எடுங்கள். எடுத்ததைச் சுருட்டி ஒட்டி, பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்; வழியிலுள்ள மலசலகூடத்தில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.