ஹானர்ஸ் பயாலஜி: எடுப்பதற்கு முன்பும் எடுத்த பிறகும்

பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் ஹானர்ஸ் பயாலஜி (சாதாரண பயாலஜி வகுப்பைவிடக் கடினமான வகுப்பு) படித்தேன். பிறகு அதே பாடத்துக்கு டி.ஏ.வாக (பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவுபவராக) இருந்து விடைத்தாள் திருத்தினேன். கீழே சொல்பவை பெரும்பாலும் திருத்தும்போது தெரிந்துகொண்டவை. மதிப்பெண் எங்கே கசிகிறது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

"ஹானர்ஸ் என்றால் அதே பாடம், மனப்பாடம் மட்டும் இரண்டு மடங்கு" என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள். சிலபஸைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். செல், நொதிகள், மரபியல், பரிணாமம் என்று சாதாரண வகுப்பில் உள்ள அதே தலைப்புகள். மாறுவது கேள்விதான். சாதாரண வகுப்பில் "டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது?" என்று கேட்பார்கள். ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை என்று எழுதினால் முழு மதிப்பெண். ஹானர்ஸில் அது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் நடக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள், வேறு மாதிரி நடந்திருந்தால் சோதனையில் என்ன தெரிந்திருக்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

இதே கேள்விக்கு மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் 1958-இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்வோம். ஈ. கோலை பாக்டீரியாவை கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறை வளர்த்தார்கள். பிறகு சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றி, அவ்வப்போது டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். அடர்த்திக்கு ஏற்றபடி டி.என்.ஏ. வெவ்வேறு இடத்தில் பட்டையாக நிற்கும். ஒரு தலைமுறைக்குப் பிறகு கிடைத்தது நடுவில் ஒரே ஒரு பட்டை. பழைய மூலக்கூறு அப்படியே இருக்க, முழுக்கப் புதிதாக இன்னொன்று உருவாகிறது என்றால் கனமான இடத்தில் ஒன்று, லேசான இடத்தில் ஒன்று என இரண்டு பட்டை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி, பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்துகொள்கின்றன என்றால்? அப்போது இரண்டாம் தலைமுறையிலும் ஒரே பட்டைதான் இருக்கும், கொஞ்சம் லேசான பக்கம் நகர்ந்திருக்கும். ஆனால் வந்தது இரண்டு பட்டை: நடுவில் ஒன்று, லேசான இடத்தில் ஒன்று.

இதை வைத்துத் தேர்வில் இப்படிக் கேட்கலாம். மூன்றாம் தலைமுறையில் எந்தப் பட்டை எவ்வளவு பங்கு? (நடுவில் கால், லேசானது முக்கால்.) முதல் தலைமுறையோடு நிறுத்தியிருந்தால் எந்தக் கருதுகோளைத் தள்ள முடியாமல் போயிருக்கும்? முதல் தலைமுறை டி.என்.ஏ.வைச் சூடாக்கி, இழைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டுச் சுழற்றினால் ஒவ்வொரு கருதுகோளின்படியும் என்ன வரும்? கடைசிக் கேள்விக்கு நான் விடை சொல்லப்போவதில்லை. ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கொஞ்ச நேரம் அதோடு உட்கார முடிந்து, எரிச்சலைவிட ஆர்வம் அதிகமாக இருந்தால் தாராளமாக இந்த வகுப்பை எடுக்கலாம். எரிச்சல்தான் மிச்சம் என்றாலும் பாதகமில்லை, சாதாரண வகுப்பிலும் நல்ல பயாலஜி கற்கலாம். விண்ணப்பத்தில் 'ஹானர்ஸ்' என்று வந்தால் எடுப்பாக இருக்கும் என்பதற்காக மட்டும் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி செமஸ்டருக்கு மேல் அந்த உற்சாகம் தாங்குவதில்லை.

சேர்வதற்கு முன் உள்ள விடுமுறையில் பயாலஜியை முன்கூட்டிப் படிக்க வேண்டாம். கெமிஸ்ட்ரியைத் தூசு தட்டுங்கள், முதல் மாதம் ஆளைச் சாய்ப்பது அதுதான். ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்விரும்பும் தன்மை, நீரை வெறுக்கும் தன்மை, பி.எச். ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடும் என்பது, ஒரு வினை தானாக நடக்குமா என்பதற்கும் வேகமாக நடக்குமா என்பதற்கும் உள்ள வேறுபாடு. இவ்வளவு கைவசம் இருந்தால் போதும். அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. இந்த ஒரு மாற்றம் ஏன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது என்பது கெமிஸ்ட்ரிக் கேள்வி. மின்சுமை உள்ள ஒன்று போய், நீரை வெறுக்கும் ஒன்று புரதத்தின் வெளிப்பரப்பில் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு என்று பார்த்தால் லாகரிதம், நிகழ்தகவு, கை-ஸ்கொயர் (கிடைத்த எண்கள் எதிர்பார்த்த விகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனை). பட்டாணிச் செடிகளில் மரபியலை ஆராய்ந்த மெண்டலுக்கு 705 ஊதாப் பூச் செடிகளும் 224 வெள்ளைப் பூச் செடிகளும் கிடைத்தன. இது 3-க்கு 1 தானா? நீங்களே போட்டுப் பாருங்கள், சுமார் 0.39 வரும். எல்லை மதிப்பு 3.84, அதைத் தாண்டினால்தான் தள்ளலாம், அதனால் 3-க்கு 1 என்பதைத் தள்ள இந்த எண்களில் காரணமில்லை. "தள்ளக் காரணமில்லை" என்றுதான் எழுத வேண்டும். "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினால் சிவப்பு மை.

வகுப்பு தொடங்கியதும் ஆய்வுக் கட்டுரைகள் வந்து விழும். இங்கேதான் பலர் மூச்சு முட்டி நிற்கிறார்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாடப்புத்தகம் மாதிரி படிக்காதீர்கள். அறிமுகப் பத்தியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நேராகப் படங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன செய்தார்கள், என்ன பார்த்தார்கள், ஆசிரியர்கள் சொல்வதைத் தவிர வேறு விளக்கம் உண்டா. மூன்றாவதை எழுதிய பிறகுதான் அவர்களுடைய விவாதப் பகுதியைப் படிக்க வேண்டும். முதலிலேயே படித்துவிட்டால் அவர்கள் சொல்வதுதான் சரி என்று மனது அங்கேயே உட்கார்ந்துவிடும்.

மரபுப் பொருள் புரதமா, டி.என்.ஏ.வா என்று பார்த்து, டி.என்.ஏ.தான் என்று வாதிட்ட ஹெர்ஷி, சேஸ் இருவரின் 1952 கட்டுரை இதற்கு நல்ல பயிற்சி. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் புரதத்தில் கதிரியக்கக் கந்தகம், டி.என்.ஏ.வில் கதிரியக்கப் பாஸ்பரஸ், அப்புறம் மிக்சியில் போட்டு அடிப்பது என்று பாடப்புத்தகப் படம் பளிச்சென்று இருக்கும். மூலக் கட்டுரையின் எண்கள் அவ்வளவு பளிச்சென்று இல்லை. கந்தகத்தில் ஒரு பங்கு கழன்று வராமல் பாக்டீரியாவோடேயே தங்கிவிட்டது. அப்படியானால் புரதமும் உள்ளே போயிருக்கலாமே? அடுத்த தலைமுறை வைரஸ்களில் அந்தக் கந்தகம் ஏறக்குறைய இல்லை என்று காட்டித்தான் வாதத்தைக் காப்பாற்றுகிறார்கள். இந்த இடத்தை நீங்களாகவே கண்டுபிடித்து வகுப்பில் கேட்டால் பேராசிரியரின் முகம் மலரும்.

தேர்வுக்குப் படிக்க எனக்குத் தெரிந்த ஒரே நம்பகமான வழி, வரைந்து உடைப்பது. வெள்ளைத் தாளில் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வை வரையுங்கள். எலக்ட்ரான்கள் கைமாறிப் போய் ஆக்சிஜனில் முடிகின்றன. வழியில் புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை ஏ.டி.பி. சின்தேஸ் என்ற நொதி வழியாகத் திரும்பும்போது, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உருவாகிறது. புத்தகத்தை மூடிவிட்டு இதை வரைய முடிகிறதா? முடிந்தால் ஒவ்வொரு பாகமாகக் கெடுத்துப் பாருங்கள்.

சயனைடு போட்டால் எலக்ட்ரான்கள் கைமாறும் சங்கிலியின் கடைசி நொதி அடைபடும். ஆக்சிஜன் பயன்பாடும் நிற்கும், ஏ.டி.பி.யும் நிற்கும். ஒலிகோமைசின் போட்டால் ஏ.டி.பி. சின்தேஸ் அடைபடும். புரோட்டான்கள் திரும்ப வழியில்லாமல் வெளியே குவிந்து, அந்த அழுத்தத்தில் பம்ப்புகளும் திணறி, ஆக்சிஜன் பயன்பாடும் குறையும். டைநைட்ரோஃபீனால் போட்டால் சவ்வு வழியாகப் புரோட்டான்கள் கசியும். ஆக்சிஜன் பயன்பாடு ஏறும், ஏ.டி.பி. இறங்கும், ஆற்றல் வெப்பமாகப் போகும். (1930களில் இதை உடல் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். சாப்பிட்டவர்களில் சிலர் உடல் சூடேறியே இறந்தார்கள்.) இப்போது இரண்டிரண்டாகச் சேர்க்கலாம். ஒலிகோமைசினுக்குப் பிறகு டைநைட்ரோஃபீனால் போட்டால் ஆக்சிஜன் பயன்பாடு மறுபடி ஏறும், ஏ.டி.பி. வராது. சயனைடுக்குப் பிறகு போட்டால்? ஒன்றும் நடக்காது. ஏன் என்று இரண்டு வரியில் எழுத முடிந்தால் அந்த அத்தியாயம் உங்கள் கையில். நான் பார்த்த நல்ல மாணவர்களின் நோட்டுகளில் வரிகளைவிட இப்படிப்பட்ட கிறுக்கல் படங்கள்தான் அதிகம்.

மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை.

லேபுக்கு வருவோம். மிகச் சிறிய அளவு திரவத்தை எடுக்கும் மைக்ரோபைப்பெட்டின் பொத்தானில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியேற்றும்போது இரண்டாவது வரை அழுத்த வேண்டும். உறிஞ்சும்போதே இரண்டாவது வரை போனால் அளவு கூடிவிடும், அந்த நாளின் முடிவெல்லாம் கோணலாகும். கட்டைவிரலை மெதுவாக விடுங்கள், பட்டென்று விட்டால் காற்றுக் குமிழி ஏறும். நுனியில் ஏறிய திரவத்தை ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். இரண்டு மைக்ரோலிட்டர் எப்படித் தெரியும், இருபது எப்படித் தெரியும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் அளவைத் தவறாகத் திருகியிருந்தாலும் பிடித்துவிடலாம்.

பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) செய்யும்போது டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்று இருக்கும். நேரமில்லை என்று அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். தவிர்க்காதீர்கள். பெருக்கிய டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் அந்தத் தண்ணீர் வரிசையிலும் பட்டை வந்தால் மற்ற பட்டைகளை நம்ப முடியாது. வந்ததை மறைக்காமல், அசுத்தம் எங்கிருந்து வந்திருக்கலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று எழுதிய ரிப்போர்ட்டுக்கு நான் நல்ல மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன். லேப் நோட்டில் பேனாவால் எழுதுங்கள், தேதி போடுங்கள், தவறினால் ஒரே கோடாக அடியுங்கள். அடித்ததற்குக் கீழே என்ன இருந்தது என்று படிக்க முடிய வேண்டும்.

ஆபீஸ் அவர்ஸுக்கு (சந்தேகம் கேட்க ஒதுக்கிய நேரத்துக்கு) "இந்த அத்தியாயமே புரியவில்லை" என்று வந்தால் யாராலும் உதவ முடியாது. பாதி போட்ட கணக்கோடு வாருங்கள். மாட்டிக்கொண்ட இடத்தைக் காட்டினால் சில நிமிடங்களில் வேலை முடியும்.

தேர்வு விடைகளில் நான் அதிகம் அடித்த வாக்கியம்: "மியூட்டேஷன் வந்ததால் புரதம் வேலை செய்யாது." மியூட்டேஷன் என்றால் டி.என்.ஏ.வில் வரும் மாற்றம், ஆனால் எந்த மியூட்டேஷன்? அமினோ அமிலத்தை மாற்றாத மியூட்டேஷன் உண்டு. புரதத்தை எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கச் செய்வதும் உண்டு. என்ன மாறியது, அதனால் அடுத்து என்ன, அதற்கு ஆதாரம் படத்தின் எந்த வரிசை என்று சங்கிலியாக எழுதுங்கள். வரைபடம் கொடுத்திருந்தால் கேள்வியைப் படிக்கும் முன் இரண்டு அச்சுகளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கேள்வியில் தகவல் போதவில்லை என்று தோன்றினால், எதை அனுமானித்துக்கொள்கிறீர்கள் என்று முதலில் எழுதிவிடுங்கள். அனுமானம் நியாயமாக இருந்து முடிவு வேறாக வந்தால்கூடப் பகுதி மதிப்பெண் கிடைக்கும். காலியாக விட்டால் நான் எதற்குப் போடுவது?

முதல் தேர்வுத் தாள் கைக்கு வரும்போது பள்ளியில் பார்த்திராத எண் அதில் இருக்கலாம். இந்த வகுப்புகளில் வகுப்புச் சராசரியே தாழ்வாக இருப்பது சாதாரணம், கிரேடு எப்படிக் கணக்கிடப்படும் என்று சிலபஸில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட எந்த வகைக் கேள்வியில் போனது என்பதைப் பாருங்கள். தகவல் தெரியாமல் போனது என்றால் சரிசெய்வது சுலபம். படத்தைப் படிக்கத் தெரியாமல் போனது என்றால் அடுத்த வாரமே டி.ஏ.விடம் பழைய தேர்வுகளின் படக் கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் சாதாரண வகுப்புக்கு மாற வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் பாடத்தை விட்டு விலகுவதற்கும் கடைசித் தேதிகள் உண்டு. அவற்றை இன்றைக்கே காலண்டரில் குறித்து வையுங்கள்.