கதைக்கிற ஆங்கிலம்: முதல் வாரத்தில் என்ன செய்வது?

நமது பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை ஆங்கிலம் படிக்கிறார்கள். இலக்கணப் பயிற்சிகளைப் பிழையில்லாமல் செய்வார்கள். ஆனால் கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகள் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பதில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இவர்களுக்குச் சொற்கள் போதுமான அளவு தெரியும். அவை உதிரிகளாகக் கிடக்கின்றன, அவ்வளவுதான். நான் சொல்லும் வழி, முழு வசனங்களாகப் பாடமாக்குவது. அதுவும் இந்த வாரம் நீங்கள் உண்மையில் போகப்போகிற ஓர் இடத்துக்குத் தேவையான வசனங்களை மட்டும்.

முதல் படி: ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். சந்தை, வங்கி, மருந்துக்கடை, பஸ் நிலையம் என எதுவாகவும் இருக்கட்டும், ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அங்கே நீங்கள் வழக்கமாகச் சொல்வதை முதலில் தமிழில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை என்றால், "கத்தரிக்காய் கிலோ என்ன விலை?", "கொஞ்சம் குறைக்க மாட்டீங்களோ?", "அரைக் கிலோ போடுங்கோ", "காணும், வேற ஒண்டும் வேண்டாம்." இப்போது அதே வரிசையில் ஆங்கிலம்: "ஹவ் மச் இஸ் எ கிலோ?", "குட் (could) யூ கம் டவுன் எ லிற்றில்?", "ஹாஃப் எ கிலோ, ப்ளீஸ்", "தற்ஸ் ஓல், தாங்க் யூ."

காய்கறிப் பெயர்களையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே நாம் பிறிஞ்சல் என்று படிக்கும் கத்தரிக்காய் லண்டன்காரருக்கு ஓபஜீன், கனடாக்காரருக்கு எக்பிளான்ற். லேடீஸ் ஃபிங்கர்ஸ் என்று நாம் படித்த வெண்டிக்காயை அங்கே ஓக்ரா என்றால்தான் பலருக்கு விளங்கும். உறவினர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாம் படி: ஒரு தொடக்கம், பல சொற்கள்

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது முன்னுக்கு வந்துவிடும், மாறவேண்டிய சொல் கடைசியில் நிற்கும். தொடங்குபவருக்கு இது பெரிய வசதி. "குட் ஐ ஹாவ்..." என்ற தொடக்கத்தை வாய்க்குப் பழக்கினால், அதன் பின்னால் தண்ணீர், பில், மிச்சக்காசு, ஒரு பை என்று எதையும் வைக்கலாம். "ஐம் லுக்கிங் ஃபோர்..." என்றால் எதையோ தேடுகிறீர்கள். "டு ஐ ஹாவ் டு..." என்றால் "நான் இதைச் செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள், படிவம் நிரப்பும் இடங்களில் இது நன்றாக உதவும். இந்த மூன்றையும் சத்தமாக, ஒவ்வொரு நாளும் வேறு வேறு சொல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

இங்கே மரியாதை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்கு மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. "தா" என்பதற்கும் "தாங்கோ" என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் தம்பிக்கும் தாத்தாவுக்கும் ஒரே "யூ"தான். அதனால் "தண்ணி தாங்கோ" என்று மனதில் நினைத்துக்கொண்டு "கிவ் மி வோட்டர்" என்று சொன்னால், கேட்பவருக்கு அது கட்டளை போலப் படும். "தாங்கோ"வில் இருக்கிற பணிவை ஆங்கிலத்தில் "குட்", "ப்ளீஸ்" என்ற இரண்டும் சுமக்கின்றன. "ஐ வோன்ற்" என்பதற்குப் பதிலாக "ஐட் லைக்" சொல்லுங்கள். முன்பின் தெரியாத வெளிநாட்டவரை அங்கிள், ஆன்ரி என்று கூப்பிட வேண்டாம். அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கவே மாட்டார். "எக்ஸ்கியூஸ் மி" போதும்.

மூன்றாம் படி: மாட்டிக்கொண்டால்

விளங்காதபோது தலையாட்டிவிட்டு நகர்வதுதான் நம்மில் பலரின் பழக்கம். அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது. "குட் யூ சே தற் அகெய்ன், ப்ளீஸ்?" என்று கேளுங்கள். வேகமாகக் கதைப்பவரிடம் "எ லிற்றில் ஸ்லோவர், ப்ளீஸ்." பெயரோ முகவரியோ எழுத வேண்டுமென்றால் "ஹவ் டு யூ ஸ்பெல் இற்?"

சொல் தெரியாவிட்டால் சுற்றி விளக்கலாம். "இற்ஸ் எ கைண்ட் ஒஃப்..." என்றால் "இது ஒரு வகை..." என்று பொருள். ஒடியல் கூழை ஒருவர் கேட்டால்: "இற்ஸ் எ கைண்ட் ஒஃப் சூப். வி மேக் இற் வித் பல்மைரா ஃப்ளவர், ஃபிஷ் அண்ட் க்ராப்." ஒடியலுக்கு ஆங்கிலச் சொல் தேடி நேரம் போக்க வேண்டியதில்லை. பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்யும் பினாட்டுக்கும் இப்படி ஒரு விளக்கம் நீங்களே எழுதிப் பாருங்கள். நல்ல பயிற்சி.

நான்காம் படி: உச்சரிப்பு

இங்கே ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் 'பான்' என்று எழுதினால் அது சட்டியா (pan), மின்விசிறியா (fan), தடையா (ban) என்று தெரியாது. ஆங்கிலத்தில் மூன்றும் வேறு ஒலிகள். மேற்பல் கீழுதட்டைத் தொட, காற்றை ஊதினால் மின்விசிறி. இரண்டு உதடும் ஒட்டிப் பிரிந்து கொஞ்சம் காற்று வெடித்தால் சட்டி. அதே உதடுகள், ஆனால் குரல் சேர்ந்தால் தடை. கண்ணாடி முன் நின்று மாறி மாறிச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: மும்மொழிப் பலகைகள்

இலங்கையில் இருப்பவர்களுக்குக் கிடைத்த இலவசப் பாடம் இது. பெயர்ப்பலகை, அரச படிவம், பணத்தாள் எல்லாவற்றிலும் மூன்று மொழிகள். தமிழை வாசியுங்கள், ஆங்கிலத்தில் என்ன இருக்கும் என்று ஊகியுங்கள், பிறகு பாருங்கள். ஊர்ப் பெயர்களைக் கட்டாயம் கவனியுங்கள்: பருத்தித்துறை ஆங்கிலத்தில் பொயின்ற் பீட்றோ, ஊர்காவற்றுறை கெயிற்ஸ், நெடுந்தீவு டெல்ஃப்ற். யாழ்ப்பாணத்தில் இந்த இருமொழி வாசிப்பு புதிதும் அல்ல. 1841இல் அமெரிக்க மிஷன் இங்கே தொடங்கிய உதயதாரகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த பத்திரிகைதான்.

ஆறாம் படி: ஆளைப் பிடியுங்கள்

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் யாழ்ப்பாணம் வெளிநாட்டுப் பிள்ளைகளால் நிறைந்துவிடும். அவர்களில் பலருக்குத் தமிழ் கதைக்க ஆசை, உங்களுக்கு ஆங்கிலம் கதைக்க ஆசை. அரை மணித்தியாலம் தமிழ், அரை மணித்தியாலம் ஆங்கிலம் என்று பேசிக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் சொல்ல இரண்டு வசனம்: "ப்ளீஸ் லீவ் யுவர் ஷூஸ் ஹியர்." "மென் டேக் ஒஃப் தெயர் ஷேர்ட்ஸ் பிஃபோர் கோயிங் இன்." திருவிழா இல்லாத மாதங்களில் யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போங்கள். வயது வந்தவர் படக்கதைப் புத்தகம் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாளாந்தப் பேச்சு வசனங்கள் அங்கேதான் நிறைய இருக்கின்றன.

சரி, சந்தை வசனங்கள் யோசிக்காமலே வாயில் வந்துவிட்டதா? அடுத்த வாரம் பஸ் நிலையம். கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி இவற்றோடு தொடங்குங்கள்: "டஸ் திஸ் பஸ் கோ டு பொயின்ற் பீட்றோ?", "வற் டைம் டஸ் இற் லீவ்?", "குட் யூ டெல் மி வென் வி கெற் தெயர்?"