உதிரிப் பாகங்களைச் சேர்த்து முதல் சைக்கிளை நீங்களே பூட்டப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சைக்கிள் பூட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஏதோ ஒரு பொருளோடுதான் வருகிறார்கள். ஒருவரிடம் வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். இன்னொருவர் நண்பர் கொடுத்த இரண்டு ரிம்மைப் பரணில் வைத்திருப்பார். "இதுக்கு ஏத்த மாதிரி ஒரு வண்டி பண்ணணும்ணே" என்பார்கள். ஸ்பானரைத் தொடும் முன்பே முதல் தவறு நடந்துவிட்டது. சைக்கிளின் எந்தப் பாகமும் தனியாக நிற்பதில்லை. ஒன்றின் அளவு அடுத்ததைக் கட்டுப்படுத்தும், எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது ஃபிரேம். முதலில் ஃபிரேம். பிறகு அதை அளந்து நோட்டில் எழுதுங்கள்: சீட் பைப்பின் உள் விட்டம், பின் ஃபோர்க்கின் அகலம், பெடல் அச்சு உட்காரும் குழலின் அகலம். அந்த நோட்டோடு கடைக்குப் போங்கள். அது இல்லாமல் வாங்கிய பொருளில் பாதி வீட்டு மூலையில்தான் கிடக்கும்.

ஃபிரேமுக்கும் முன்னால் எடுக்க வேண்டிய அளவு உங்கள் கால். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நில்லுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில் சீட்டில் உட்கார்ந்த மாதிரி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 80 செ.மீ. கால் என்றால் 70.6 செ.மீ. ஓட்டிப் பார்த்துச் சில மில்லிமீட்டர் கூட்டிக் குறைக்கலாம். தாத்தா ஓட்டிய 24 இஞ்ச் ஃபிரேம் என்ற பாசத்தில் உயரம் குறைந்தவர்கள் அதையே எடுத்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சீட்டை இறக்கலாம், நடுக் கம்பியை இறக்க முடியாது. சிக்னலில் காலை ஊன்றி நிற்கும்போது கம்பிக்கும் உடம்புக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளியாவது வேண்டும்.

குழாய் வாங்கி நானே ஃபிரேம் அடித்துக்கொள்கிறேன் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் வண்டிக்கு வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகளில் ஜன்னலும் கேட்டும் அருமையாக வெல்டிங் செய்கிறார்கள். ஆனால் சைக்கிள் குழாயின் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதிகச் சூட்டில் ஓட்டை விழும், அல்லது ஒட்டின் ஓரம் பலம் குறைந்து பிறகு விரிசல் விடும். ரோட்ஸ்டர் எனப்படும் தாத்தா காலத்துச் சாதா சைக்கிளின் ஃபிரேம்களில் குழாய்களை மூட்டுக்குள் சொருகிப் பித்தளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அது வேறு கைவேலை. முன் ஃபோர்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் வெல்டிங் போட்டு ஓட்டாதீர்கள். பின்னால் எது உடைந்தாலும் வண்டி நிற்கும்; ஃபோர்க் உடைந்தால் முகம்தான் தரையில் படும்.

ஆகவே பழைய ஸ்டீல் ஃபிரேமே நல்லது. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டிகளும் லூதியானாவிலிருந்து வந்தவையும் மதுரைப் பழைய இரும்புக் கடைகளிலும் சுற்றுக் கிராமத்துத் திண்ணைகளிலும் இன்னும் கிடைக்கின்றன. பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் நூல் ஒன்று கொண்டுபோங்கள். பின்சக்கர அச்சு உட்காரும் காடியில் ஒரு முனையைக் கட்டி, முன்பக்க ஹெட் டியூபை (ஹேண்டில்பார் தண்டு நுழையும் குழாய்) சுற்றி, மறுபக்கக் காடிக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட் பைப்புக்கு இரண்டு பக்கமும் நூல் ஓடும். இரண்டு பக்கமும் இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். மூன்று, நான்கு என்றால் ஃபிரேம் வளைந்திருக்கிறது. அடுத்து ஹெட் டியூபுக்குக் கீழே, சாய்வாக இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். சிறு மடிப்போ பெயின்ட் வெடிப்போ தட்டுப்பட்டால் அந்த வண்டி எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி மரை. இதில் நான் ஒரு ஃபிரேமையே இழந்தேன். பெடல் அச்சுக்கான வலதுபக்கக் கப்பை (பால்ரஸ் உட்காரும் கிண்ணம்), எல்லா நட்டையும் போல வலப்பக்கம் திருப்பிப் போடப் பார்த்தேன். போகவில்லை. ஸ்பானரில் ஒரு குழாயைச் சொருகி நீளமாக்கி முழு பலத்தோடு திருப்பினேன். கப் உள்ளே போனது. கூடவே வெள்ளி நூல் மாதிரி இரும்புச் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. அது என்னவென்று புரிந்தபோது ஃபிரேமின் மரை முழுக்கப் போயிருந்தது. நம்மிடம் புழங்கும் ஃபிரேம்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் முறை: 1.37 இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 24 மரை, செயின் பக்கக் கப்புக்கு இடது மரை. அதாவது இறுக்க இடப்பக்கம் திருப்ப வேண்டும். நொந்துபோய் நின்ற என்னிடம் எங்கள் தெரு மெக்கானிக் சொன்னார்: "தம்பி, மொத மூணு சுத்து விரலாலதான் போடணும். விரல்ல போகலேன்னா எடுத்துருங்க." அன்றிலிருந்து கப்போ பெடலோ எதுவானாலும், மரையை டூத்பிரஷால் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் மூன்று சுற்றை விரலால்தான் போடுகிறேன்.

பெடலிலும் இதே சிக்கல் உண்டு. இடது பெடலுக்கு இடது மரை. நினைவில் வைக்க எளிய வழி: எந்தப் பக்கமானாலும் ஸ்பானரின் மேல்முனை முன்சக்கரத்தை நோக்கிப் போனால் பெடல் இறுகும். பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க்; அது காட்டர் பின் என்ற ஆப்பால் அச்சோடு இறுக்கும் வகை என்றால் இரண்டு பின்களும் எதிரெதிராக இருக்க வேண்டும். ஒன்றின் நட்டு மேலே இருந்தால் மற்றது கீழே. ஒரே பக்கமாகப் போட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது கால் நொண்டும். பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடி முழுவதையும் உள்ளே இருக்கும் பால்ரஸ்தான் வாங்கும்.

சக்கரத்தில் அதிகம் ஏமாற்றுவது '26 இஞ்ச்' என்ற சொல். மலைச் சைக்கிள் 26 வேறு, 26 × 1⅜ வேறு. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 37-590 என்பது போல இருக்கும். பின்னால் உள்ள மூன்று இலக்கம்தான் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். மலைச் சைக்கிளுக்கு 559, 26 × 1⅜-க்கு 590, பழைய 28 × 1½-க்கு 635, 700சி என்ற சக்கர அளவுக்கு 622. ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் ஏறாது. ரோட்ஸ்டர் ஃபிரேமில் 700சி சக்கரம் போடலாம். ஆனால் ரிம் 6.5 மி.மீ. உள்வாங்கி இருக்கும், பிரேக் கட்டை அவ்வளவு தூரம் கீழே எட்டுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்குக்காகச் செய்த பழைய ரிம்மில், ரிம்மின் பக்கத்தைப் பிடிக்கும் பிரேக் பிடிக்காது, அதன் பக்கம் தட்டையாக இருக்காது. இரும்பு ரிம் மழையில் வழுக்கும். என் தேர்வு அலுமினியம்தான்.

ஸ்போக்ஸ் கட்டுவதையும் கோட்டம் (சக்கரத்தின் கோணல்) எடுப்பதையும் அவசரப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். 36 ஓட்டை ஹப்புக்கு 36 ஓட்டை ரிம்தான். கம்பி நீளமானால், அதை ரிம்மில் இறுக்கும் சிறு நட்டான நிப்பிளைத் தாண்டி ட்யூபைக் குத்தும். குட்டையானால் நிப்பிள் மரையில் பாதிதான் பிடித்து ஒருநாள் உடையும். வால்வ் ஓட்டையில் தொடங்கி வரிசையாக எல்லா நிப்பிளுக்கும் ஒரே அளவு திருப்பு கொடுங்கள். புதியவர் கோணல் தெரிந்த இடத்தில் மட்டும் இறுக்கிக்கொண்டே போவார். பக்கவாட்டுக் கோணல் போய், சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். ஒரு பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே சத்தம் வர வேண்டும். பிறகு சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமில் இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். ரிம் அதே இடத்தில் நின்றால் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்னும் வேலை இருக்கிறது.

டயர் விஷயத்தில் நம் ஊரின் உண்மை ஒன்று உண்டு: சீமைக்கருவேல முள். வைகைக் கரையிலும் நாகமலை ஓரத்துப் பாதைகளிலும் அது இல்லாத இடமில்லை. அழகுக்காக 23 மி.மீ. ஒல்லி டயர் போட்டுவிட்டு வாரம் இரண்டு பஞ்சர் ஒட்டுவதைவிட, ஃபோர்க்கில் இடமிருந்தால் 32 அல்லது அதற்கு மேல் போடுங்கள். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். விரலுக்குத் தெரியாத முள் நுனி பஞ்சில் சிக்கும்.

கியர் இல்லாத வண்டிக்கு வேகத்துக்காகப் பெரிய பல்சக்கரம் தேடாதீர்கள். 28 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 5.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 22 கி.மீ. ஊருக்குள் இது தாராளம். பிரேக்கில் ஒரே எச்சரிக்கை: வி-பிரேக்குக்கு (ரிம்மின் இருபுறமும் நீளக் கை நிற்கும் பிரேக்) அதற்குரிய லீவர்தான், பழைய காலிப்பர் லீவரைப் போட்டால் கட்டை போதுமான தூரம் நகராது.

பெயின்ட்டைக் கடைசிக்கு வையுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டி, ஓட்டி, சரிபார்த்து, மறுபடி கழற்றிய பிறகே பூசக் கொடுங்கள். பவுடர் கோட்டிங் (தூள் பெயின்ட்டைச் சூட்டில் உருக்கிப் பூசுவது) என்றால் மரையையும் பால்ரஸ் கப் உட்காரும் இடங்களையும் மூடச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அங்கேயும் பூசித்தான் தருவார்கள்.

முதல் ஓட்டத்துக்கு நேராக அழகர்கோவில் சாலையில் இறங்க வேண்டாம். விடியற்காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றுங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், எந்த இடத்தில் சத்தம் கேட்டாலும் இறங்கிப் பார்க்கலாம். புதிய பிரேக் கேபிள் கொஞ்சம் இளகும், ஸ்போக்ஸ் ஒன்றிரண்டு 'டிக்' என்று தன் இடத்தில் உட்காரும். ஐந்து சுற்று முடிந்ததும் கரையில் நிறுத்தி ஸ்பானரை எடுங்கள். காட்டர் பின் நட்டு முதல் நாளில் அநேகமாக அரைச் சுற்றாவது உள்ளே போகும்.