ஊர் சுற்றிக்கொண்டே பார் வேலை: ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புபவருக்கு

பாட்டிலை மேலே எறிந்து பிடிக்கத் தெரியாதே என்று தயங்குகிறீர்களா? சிட்னியிலும் அடிலெய்டிலும் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். ஒருத்தரும் என்னை எறியச் சொல்லவில்லை. கிளாஸ் கழுவச் சொன்னார்கள், அளந்து ஊற்றச் சொன்னார்கள், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டதை நினைவில் வைக்கச் சொன்னார்கள். வேலை அவ்வளவுதான்.

1. முதலில் விசா

சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 முதல், ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க விடும் 462 என்ற விசாப் பிரிவு திறந்திருக்கிறது. வயது 18 முதல் 30 வரை, பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, ஓரளவு ஆங்கிலம், கையில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர். ஆண்டுக்கு 1,000 இடம்தான் என்பதால் குலுக்கல் போடுகிறார்கள். பெயர் பதிய 25 டாலர். பெயர் விழ வைக்கிறேன் என்று எந்த ஏஜெண்டாவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், கணினி போடும் குலுக்கலில் அவருக்கு வேலையே இல்லை. கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அதே மாதிரியான 417 பிரிவு. குலுக்கல் கிடையாது, 35 வயது வரை போகலாம்.

2. கிளம்பும் முன் வீட்டில் பயிற்சி

மது அளக்கும் சின்னக் கிண்ணமான ஜிக்கர் ஒன்று, கலவையைக் குலுக்கும் மூடி போட்ட குவளையான ஷேக்கர் ஒன்று, பாட்டில் வாயில் செருகும் ஊற்று மூக்கு இரண்டு வாங்குங்கள். காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, சிந்தாமல் 30 மில்லி அளந்து ஊற்றிப் பழகுங்கள். டீ மாஸ்டர் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும், கை தானாக அளவில் நிற்கும். அந்த நிலை வர இரண்டு வாரம் ஆகும்.

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு சேர்த்தால் பாகு தயார். டாய்கிரி என்ற காக்டெயிலுக்கு ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, பாகு 20. வீட்டில் ரம்முக்குப் பதில் தண்ணீரே போதும். ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, வெளிப்பக்கம் பனி பூத்து விரல் சில்லிடும் வரை பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்குங்கள். ஐஸைக் கஞ்சத்தனமாகப் போட்டால் சீக்கிரம் உருகி எல்லாம் நீர்த்துப்போகும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். சாறு சேர்ந்தால் குலுக்கு, வெறும் மதுவகைகள் மட்டும் என்றால் கலக்கு. நெக்ரோனி என்ற காக்டெயில் அப்படித்தான்: ஜின், கம்பாரி (கசப்பான சிவப்பு மது), இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) தலா 30 மில்லி, கரண்டியால் கலக்கினால் போதும்.

3. இறங்கியதும்

வரி எண் இலவசம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதோடு ஆர்.எஸ்.ஏ. சான்றிதழ் வேண்டும், பொறுப்போடு மது பரிமாறக் கற்றவர் என்று காட்டுவது அது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. எந்த ஊரில் வேலை தேடப்போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒருவர் எவ்வளவு குடித்தார் என்று எண்ண 10 கிராம் ஆல்கஹாலை ஒரு கணக்காக வைப்பார்கள் என்றும், 30 மில்லி விஸ்கி ஏறக்குறைய அந்த ஒரு கணக்கு என்றும் அந்தப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள்.

4. வேலை கேட்பது

ஈமெயிலை நம்பாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், பயோடேட்டாவோடு நேரில் போங்கள். பார்டெண்டர் வேலை கிடைக்காவிட்டால் கிளாஸ் பொறுக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் உள்ளே நுழைந்தேன். கை எப்படி என்று பார்க்கக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள், சரி. ஆனால் ஒரு பப்பில் "டிரையல்" என்று சொல்லி இரண்டு ராத்திரி முழுக்கச் சம்பளமில்லாமல் என்னை வேலை வாங்கினார்கள். அது சட்டப்படி தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

5. பீர் பிடிப்பது

கிளாஸை 45 டிகிரி சாய்த்து, குழாயை ஒரே இழுப்பில் முழுதாகத் திறக்க வேண்டும். பயந்துபோய்ப் பாதி திறந்தால் நுரைதான் வரும். முக்கால் நிறைந்ததும் நிமிர்த்தினால் மேலே ஒரு விரற்கடை நுரை நிற்கும். குழாயின் மூக்கு பீரில் படக் கூடாது. கழுவி எடுத்த சூட்டோடு இருக்கும் கிளாஸில் பிடித்தாலும் நுரை பொங்கிவிடும்.

அளவுப் பெயர்கள்தான் வம்பு. சிட்னியில் ஸ்கூனர் என்றால் 425 மில்லி, பைண்ட் என்றால் 570. அடிலெய்டில் ஸ்கூனர் 285, பைண்ட் 425. முதல் ராத்திரி, பைண்ட் கேட்டவர்களுக்கெல்லாம் 570 ஊற்றிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் வாயே திறக்கவில்லை. பதினோரு மணிக்கு மேனேஜர்தான் கவனித்தார்.

6. போதும் என்று சொல்வது

நாக்கு குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்றால் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கடைக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் அபராதம் வரும். தண்ணீரை முன்னால் வைத்து, நண்பர்கள் காதில் விழாதபடி, குரலை ஏற்றாமல் சொல்லுங்கள். முறைத்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். வாக்குவாதம் உங்கள் வேலை இல்லை.

7. சம்பளமும் அடுத்த ஊரும்

டிப்ஸை நம்பிப் போகாதீர்கள், அங்கே அந்தப் பழக்கம் குறைவு. அதற்குப் பதில், நிரந்தரமில்லாத வேலைக்கு அடிப்படைக் கூலிக்கு மேல் 25 சதவீதம் சேரும், ஞாயிறு என்றால் இன்னும் கூடும். வரி முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம்தான் இருக்கலாம், அதனால் ஊர் மாறியே தீர வேண்டும். சுற்றத்தானே வந்தோம்! சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். முதலாளி உங்கள் பெயரில் கட்டிய ஓய்வூதியப் பணத்தை, நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு கேட்டு வாங்கலாம். அதில் 65 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். அது தெரியாமல் மொத்தத் தொகையையும் வைத்து நான் பாலிக்குத் திட்டம் போட்டிருந்தேன்.