ஓரையன் நெபுலாவை மொட்டை மாடியிலிருந்து படமெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க் அருகே ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சனில், ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் தன் சொந்த வானாய்வுக் கூடத்தில் ஓரையன் விண்மீன் குழுவிலுள்ள வாயு மேகமான ஓரையன் நெபுலாவைப் படமெடுத்தார். உலகில் ஒரு நெபுலாவை எடுத்த முதல் புகைப்படம் அது. 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிட எக்ஸ்போஷர். அந்த 51 நிமிடமும் டெலஸ்கோப் வானத்தோடு சேர்ந்து நகர்ந்தாக வேண்டும்.

இன்றும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். கையிலிருக்கும் பணத்தையெல்லாம் பெரிய டெலஸ்கோப்பில் போட்டுவிட்டு, அதைத் தாங்கி நகர்த்தும் மவுண்டுக்கு மிச்சத்தை ஒதுக்குகிறார்கள். ஓரையன் இருப்பது வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) பக்கத்தில். அங்கே நட்சத்திரங்கள் வேகமாக நகரும். 750 மி.மீ. குவியத் தூரத்தில் (எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு), மோட்டார் இல்லாவிட்டால், ஒரே விநாடியில் நட்சத்திரம் பத்துப் பிக்ஸலுக்கு மேல் இழுபட்டுக் கோடாகிவிடும். என்னைக் கேட்டால், முதலில் வானத்தின் சுழற்சியோடு டெலஸ்கோப்பைத் திருப்பும் உறுதியான ஈக்குவடோரியல் மவுண்ட், அதற்கு ஏற்ற சிறிய டெலஸ்கோப்.

அந்த மவுண்டின் அச்சு வானின் வட துருவத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி, கன்னியாகுமரியில் வெறும் 8 டிகிரி உயரம்தான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். எனவே இருட்டுவதற்கு முன்பே வடக்குத் திசை திறந்திருக்கும் மூலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். படம் ஓடும்போது மாடியில் நடக்காதீர்கள், தளம் அதிரும்.

அடுத்தது, அளவுக்கு மீறிய உருப்பெருக்கம். இந்த நெபுலா வானில் ஒரு டிகிரிக்கு மேல் விரிந்திருக்கிறது, அதாவது இரண்டு முழு நிலவு அகலம். 2000 மி.மீ. குவியத் தூர டெலஸ்கோப்பில் சாதாரண டிஎஸ்எல்ஆரை மாட்டினால் அதன் ஒரு துண்டுதான் சட்டத்துக்குள் வரும். 750-ல் முழுதும் அடங்கும். இன்னொன்று: கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த சில நியூட்டோனியன்களில் (குழியாடி வைத்த டெலஸ்கோப்கள்) கேமராவை மாட்டினால் ஃபோகஸே கிடைக்காது, ஃபோகஸைச் சரிசெய்யும் குழாயான ஃபோகஸர் அவ்வளவு உள்ளே போகாது. வாங்கும் முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஃபோகஸை ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடுவது எனக்கும் நேர்ந்தது. மாலையில் கேமராத் திரையின் லைவ் வியூவில், ஓரையனின் பிரகாசமான நட்சத்திரமான ரீகலைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஊசிமுனை போல் வரும்வரை திருகினேன். நள்ளிரவில் பார்த்தால் எல்லா நட்சத்திரமும் உப்பியிருந்தது. குழாய் குளிர்ந்ததில் ஃபோகஸ் நகர்ந்துவிட்டது. இரண்டு மணி நேரப் படங்கள் வீண். இப்போது ஃபோகஸ் பார்க்க உதவும் வரிவரியான மூடியான பாஹ்டினோவ் மாஸ்க்கை முகப்பில் வைத்து, அதனால் நட்சத்திரத்தில் தோன்றும் நடுக்கோடு பெருக்கல் குறியின் மையத்தில் விழுகிறதா என்று அரை மணிக்கொரு முறை பார்க்கிறேன். மார்கழி, தை மாதங்களில் லென்ஸில் பனி படிகிறதா என்றும் கூடவே பாருங்கள்.

அப்புறம் எக்ஸ்போஷர். டிரேப்பருக்கு இருந்தது ஒரே புகைப்படத் தகடு. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 30 விநாடிப் படங்கள் நூறு எடுத்து ஸ்டாக் செய்தால் (மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தால்), 50 நிமிட ஒளி சேரும். தனிப் படத்தோடு ஒப்பிட்டால் இரைச்சல், அதாவது படத்தின் புள்ளிப்புள்ளியான கரகரப்பு, பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேர அளவில் எடுத்தால் நெபுலாவின் நடுப்பகுதி வெள்ளையாக வெந்துவிடும். அங்கேதான் டிரபீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது, அந்த வாயுவை ஒளிரவைப்பதே அதுதான். ஆகவே 2 முதல் 5 விநாடிப் படங்கள் குறைந்தது முப்பது தனியாக எடுத்து, பிறகு நடுப்பகுதிக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாமே, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவில். ஜேபெக்கில் மங்கலான விளிம்புகளின் நுணுக்கம் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

முழு நிலவுக்கு அருகிலுள்ள நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்த களைப்பில் உடனே கேமராவைக் கழற்றாதீர்கள். டெலஸ்கோப் வாயில் ஒரு வெள்ளை பனியனைச் சுருக்கமில்லாமல் கட்டி, விடியல் வானத்தை நோக்கி ஃப்ளாட் படங்கள் (குறைகளைக் கழிக்க உதவும் சீரான வெளிச்சப் படங்கள்) இருபது எடுத்துவிடுங்கள். ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் மாற்றாமல் எடுத்தால்தான் சென்சார் தூசியின் வட்டங்களும் ஓர இருட்டும் சரியாகக் கழியும்.