வெட்டிவேர்: நடும்போது யாரும் கேட்காத கேள்வி

போன மாதம் ஒரு தம்பி தன் வெட்டிவேர் வயலைப் பார்க்கக் கூப்பிட்டான். ஆள் உயரத்துக்குப் புல். ஒவ்வொரு தூரும் இரண்டு கையால் கட்டிப் பிடிக்கும் பருமன். "எப்படி இருக்குண்ணே?" என்றான். வரப்போரம் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளினேன். விரலில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. பல வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து.

நாற்றைக் காயவிடாமல் நடுவது, முதல் மூன்று மாதம் களை எடுப்பது இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

களிமண்ணில் வேருக்காக நடுவது

"எந்த மண்ணிலும் வரும்." நாற்று விற்பவர் எடுத்தவுடன் சொல்வது இதுதான். பொய்யும் இல்லை. 1980களில் உலக வங்கிக்காரர்கள் இந்தப் புல்லை மண்ணரிப்பைத் தடுக்கும் வேலியாகப் பரப்பினார்கள். கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை பக்கத்து விவசாயிகள் அதற்கு முன்பே வயல் ஓரங்களில் நட்டு வைத்திருந்தார்கள். அந்த வேலைக்கு எந்த மண்ணும் சரி. வேர் மூன்று மீட்டர்கூடக் கீழே இறங்கி மண்ணைக் கவ்வும். அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. நாம் பிடுங்குவதற்காகவே நடுகிறோம். மண்ணை விடாத வேரை, எதையும் விடாத மண்ணில் நட்டால் எப்படி வெளியே வரும்?

நான் ஏரிக்குக் கீழே ஒரு ஏக்கர் களியைக் குத்தகைக்கு எடுத்தேன். பயிர் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. 13ஆம் மாதம் ஜேசிபியை இறக்கினேன். கடலூர் கடலோர மணலில் என்றால் தூருக்கு அடியில் பக்கெட்டை விட்டுத் தூக்கி, நாலு உதறு உதறினால் மணல் கொட்டிவிடும். வேர் அவிழ்த்துவிட்ட கூந்தல் மாதிரி தொங்கும். என் வயலில் எழுந்து வந்தது ஆட்டுக்கல் ஆட்டுக்கல்லாக மண்கட்டி. உதறினால் உடையவில்லை. கட்டையால் அடித்தால் மண்ணோடு வேரும் ஒரு சாணில் அறுந்தது. தண்ணீர் பாய்ச்சி இளக்கினோம். சேறாகி வண்டியே இறங்கியது. காயவிட்டோம், பாறையானது. வண்டி ஓட்டியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "அண்ணே, இது வேர் எடுக்கிற வேலை இல்ல, கெணறு வெட்டுற வேலை" என்றார். அவருக்கென்ன, மணிக்கணக்கு ஓடுகிறது.

கிடைத்த வேரை மூன்று முறை அலசியும் களி போகவில்லை. வாங்க வந்தவர் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்துவிட்டு மண்ணுக்கும் சேர்த்து எடை கழித்தார். வேர் விற்ற காசு வண்டி வாடகைக்கே பற்றவில்லை. அப்புறம் நிலத்துக்காரர், பள்ளமெல்லாம் மட்டம் செய்து கொடுத்தால்தான் ஆச்சு என்று நின்றார். அதற்கும் அதே ஜேசிபிதான் வந்தது. இன்னமும் நினைத்தால் எரிகிறது.

நடுவதற்கு முன் இரண்டடி ஆழத்தில் மண் எடுங்கள். மேல்மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலே மணலும் கீழே களியும் இருக்கிற பூமி நிறைய. நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். சீடை வரலாம். முறுக்குச் சுற்ற வந்தால் அங்கே வேருக்கு நடாதீர்கள்.

களி மட்டும்தான் இருக்கிறதா? நாற்றுப் பண்ணை வையுங்கள், தூர் நன்றாகவே வெடிக்கும். வேர்தான் வேண்டுமென்றால் சிமெண்ட் சாக்கில் மணலும் மக்கிய சாணமும் நிரப்பி அதில் நடுங்கள். அறுவடைக்குச் சாக்கைக் கிழித்தால் போதும்.

மரத்தடியில் நடுவது

தென்னைக்கு நடுவே, முந்திரிக்கு நடுவே சும்மாதானே கிடக்கிறது என்று நடுகிறார்கள். இது வெயில் குடிக்கிற புல். நிழலில் சாகாது, உயிரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். தூரும் கட்டாது, வேரும் திரளாது.

எந்த ரகம் என்று கேட்காதது

வடக்கத்தி வகை பூத்து விதை கட்டும். தெற்கத்தி வகையில் முளைக்கும் விதை அநேகமாகக் கிடையாது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். லக்னோவில் உள்ள மத்திய அரசின் மூலிகை, வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான சிமாப் வெளியிட்ட தாரிணி, கேசரி, குலாபி என்ற ரகங்களும் உண்டு. கலந்து வாங்கினால் வேர் ஒரே சீராக இராது. இன்னொன்று: விலாமிச்சை என்று கேட்டு வெட்டிவேர் வாங்குகிறவர்களும் உண்டு. அது புல்லே இல்லை, துளசிக் குடும்பத்துச் செடி.

யூரியாவைக் கொட்டுவது

கூரை வேய இலை வேண்டுமா? கொட்டுங்கள்.

வேரை வெயிலில் காயவைப்பது

நிழலில். வாசனைக்குத்தான் காசு.

வாங்குபவரைத் தேடாமல் நடுவது

"நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்றால் எழுதி வாங்குங்கள்.

சரி, அந்தத் தம்பி. பாதி வயலைத் தூர் பிரித்து நாற்றாக விற்றுவிடச் சொன்னேன். முகம் சுருங்கியது. செலவெல்லாம் வேரை நம்பிப் போட்டது, இவ்வளவு செழிப்பாக நிற்கிறதே என்றான். ஒரே ஒரு தூரை மட்டும் தோண்டு என்று கடப்பாரையைக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்துச் சட்டை நனைந்து நின்றான். கையில் ஒரு சாண் வேர் இருந்தது. மீதி உள்ளே.