விடுப்பில் ஊருக்கு வந்து கண்ணாடி போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்தால் எங்கள் கடைக்கு வருகிறவர்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டுப்புடவை, ஜாக்கெட் தையல், பல் டாக்டர், கண்ணாடி. அமெரிக்கா, சிங்கப்பூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்து சென்னைக்கு விடுப்பில் வருகிறவர்கள். ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று, ஃபிரேமோடு சேர்த்து, இங்கே இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் முடிந்துவிடும். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாமல் கடைக்குள் நுழைந்தவர்களுக்கு அந்த விலையின் அருமை தெரியும். அதனால் இங்கே வாங்குவது சரியான முடிவுதான். கண்ணாடிக் கடையில் நிற்கிறவன் வேறு எப்படிச் சொல்வான் என்கிறீர்களா, அதுவும் சரி.

ஆனால் போன வருடம் ஒருவர் செய்த தவறை இந்த வருடம் அவருடைய மைத்துனர் வந்து அச்சு அசலாகச் செய்கிறார். நான்கு கடையில் விலை கேளுங்கள், ஃபிரேமைப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டு வருவது

கொண்டு வாருங்கள். அதன் கால் உடைந்திருந்தாலும் சரி.

சீட்டை மங்கலாகப் படம் எடுத்து அனுப்புவது

அமெரிக்காவில் கண்ணாடிக்கான பரிசோதனை முடிந்ததும், கேட்காமலேயே, தனிக் காசு வாங்காமல் பவர் சீட்டின் நகலைக் கையில் கொடுத்தாக வேண்டும். அது அங்கே மத்திய அரசின் விதி. அதனால் பெரும்பாலானவர்களிடம் சீட்டு இருக்கிறது. சிக்கல் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தொடங்குகிறது.

அங்குள்ள கண் டாக்டர்கள் பலர் சிலிண்டர் பவரை (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) பிளஸ்ஸில் எழுதுவார்கள். நம் ஊரில் மைனஸில் எழுதித்தான் பழக்கம். ஒருவர் சீட்டில் ஸ்பியர் (அடிப்படைப் பவர்) -3.00, சிலிண்டர் +1.00, ஆக்ஸிஸ் (சிலிண்டரின் கோணம்) 90 என்று இருந்தால், அதே பவரை இங்கே -2.00, -1.00, 180 என்று எழுதுவோம். இரண்டும் ஒரே லென்ஸ்தான். ஆனால் படம் மங்கலாக இருந்து அந்த பிளஸ் கண்ணில் படாமல் போனால், -3.00, -1.00, 90 என்று வேறு யாருக்கோ உரிய லென்ஸ் தயாராகிவிடும். சீட்டையே நேரில் காட்டுங்கள். எழுதிக்கொண்டவரை ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த விதி பி.டி.யைச் சீட்டில் சேர்க்கச் சொல்லவில்லை. பி.டி. என்பது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரம், மில்லிமீட்டரில். "சராசரி 63தானே அண்ணா, அதையே போட்டுக்கோங்க" என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது 54-லிருந்து 74 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். -6 பவர்காரருக்கு ஒவ்வொரு கண்ணிலும் லென்ஸின் மையம் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போனால், 0.3 சென்டிமீட்டரை 6-ஆல் பெருக்கி, கண்ணுக்கு 1.8 பிரிஸம் (பொருளை இடம் மாற்றிக் காட்டும் விளைவின் அளவு). அதாவது பவர் சரியாக இருந்தும் தலைவலி. அளந்து எழுதித் தரச் சொல்லிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பிப் போய் ஆன்லைனில் வாங்கினாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

கிளம்புகிற வாரத்தில் ப்ரோக்ரஸிவ் ஆர்டர் கொடுப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று, எரிச்சல் மட்டும் குறையவில்லை.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள்தான் ப்ரோக்ரஸிவ் கேட்டு வருவார்கள். மேலே தூரப் பார்வை, நடுவில் கம்ப்யூட்டர், கீழே படிப்பு, குறுக்கே கோடு கிடையாது. உள்ளே இருப்பது மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பவர் ஏறுகிற ஒரு குறுகலான பாதை. பாதைக்கு இரண்டு பக்கமும் கலங்கல்தான். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தக் கலங்கல் குறையுமே தவிர, போகாது. அந்தப் பாதை உங்கள் கண்மணிக்கு நேராக வந்து உட்கார வேண்டும்.

அதற்கு முதலில் ஃபிரேமை உங்கள் மூக்குக்கும் காதுக்கும் பொருந்துகிற மாதிரி வளைத்துச் சரி செய்யணும். அப்புறம் உங்களை நேராகப் பார்க்கச் சொல்லி, ஃபிரேமில் இருக்கிற டம்மி லென்ஸ் மேல் கண்மணிக்கு நேராகப் புள்ளி வைக்கணும். புள்ளியிலிருந்து கீழ் விளிம்பு வரை உள்ள உயரத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்கணும், ஏனென்றால் பலருக்கு இரண்டு கண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இந்த அளவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே போனால், படிக்கும்போதெல்லாம் முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும். மேலே போனால், தெருவைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டியிருக்கும்.

இந்த லென்ஸ் கடை டிராயரில் இருக்காது. உங்கள் பவருக்கும் அளவுக்கும் லேபில் செய்து வர வேண்டும். வந்த பிறகு ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி வெட்டிப் பொருத்த வேண்டும். ஒரு வாரம் என்று சொன்னால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் லீவு குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்படி இருக்க, நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா திங்கட்கிழமை வந்தார். வியாழன் இரவு ஃபிளைட். முடியாது என்றேன். "பரவாயில்லை, ரெடியானதும் என் தம்பிகிட்ட குடுத்துடுங்க. அடுத்த மாசம் சித்தி வர்றாங்க, கொண்டு வந்துடுவாங்க" என்றார். மாட்டேன் மேடம், தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று தனித்தனியாகப் போட்டுத் தருகிறேன், புதன்கிழமை கையில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவருக்குக் கோபம். நேரே வேறு ஒரு கடைக்குப் போய் ஆர்டர் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அடுத்த கோடை விடுமுறையில் அதே கண்ணாடியோடு என்னிடம் வந்தார். பெட்டியை விட்டு வெளியே வராத கண்ணாடி என்று பார்த்ததுமே தெரிந்தது. லென்ஸ் மட்டும் பதினெட்டாயிரம் ரூபாய். போட்டால் படியிறங்க முடியவில்லை, படிக்க முகத்தை அண்ணாந்து வைக்க வேண்டியிருக்கிறது என்றார். அங்கே பக்கத்தில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். வெளியில் வாங்கியதைத் தொட மாட்டோம், உடைந்தால் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். லென்ஸில் செதுக்கிய குறிகளைத் தேடிப் புள்ளி வைத்துப் பார்த்தேன். லென்ஸ் நல்ல லென்ஸ். பவரும் சரி. ஃபிரேமை மூக்கில் பொருத்தாமல், மேலே ஏறி நின்ற நிலையிலேயே அளவு எடுத்திருக்கிறார்கள். போட்டு நடந்ததும் ஃபிரேம் நழுவி, பாதை கீழே போய்விட்டது. மூக்குப் பட்டை உள்ள மெட்டல் ஃபிரேமாக இருந்திருந்தால் கொஞ்சம் தூக்கிச் சமாளித்திருப்பேன். அவர் வாங்கியது தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம், வளைக்க இடமே இல்லை. ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து விடலாம். வெட்டிய லென்ஸில் பிரிக்க எதுவும் இல்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், அளவு தவறுவது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். பெரிய லென்ஸ் கம்பெனிகள் பல, பழகவில்லை என்றால் குறிப்பிட்ட நாட்களுக்குள் மாற்றியே தருகின்றன. ஆனால் அது வாங்கிய கடை வழியாகத்தான் நடக்கும், அதற்கு உங்கள் முகம் அந்தக் கடையில் இருக்க வேண்டும். தம்பி முகத்தை வைத்து நாங்கள் என்ன செய்வது? அந்த அம்மா திரும்பி வந்தபோது அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. பழைய லென்ஸ் குப்பைக்கு, புது லென்ஸுக்கு மறுபடி காசு. கூட்டிப் பார்த்தால் மிச்சம் பிடித்தது ஒன்றும் இல்லை.

அதனால், இறங்கின இரண்டு மூன்று நாளுக்குள் கடைக்கு வந்துவிடுங்கள். சொந்தக்காரர் வீடுகள் எங்கேயும் போய்விடாது. வாங்கும்போது நேரில் வந்து, லென்ஸ் மேல் இருக்கும் புள்ளியை அழிக்கும் முன் போட்டுப் பாருங்கள். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சின்னக் குறிகள் செதுக்கியிருக்கும். ஒன்றின் கீழே படிப்புக்கான கூடுதல் பவரும், மற்றதன் கீழே கம்பெனியின் அடையாளமும் இருக்கும். எந்தக் கம்பெனி லென்ஸுக்குக் காசு கொடுத்தோம் என்பதையும் அதிலேயே சரிபார்க்கலாம். அப்புறம் ஒரு வாரமாவது அதோடு நடந்து, படியேறி, படித்துப் பாருங்கள். ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் மாற்ற நாள் கையில் இருக்கும். வந்ததே பத்து நாள் லீவில்தான் என்றால் ப்ரோக்ரஸிவை அடுத்த தடவைக்குத் தள்ளிப்போடுங்கள்.

சர்க்கரை ஏறியிருக்கும்போது பவர் பார்ப்பது

ஊருக்கு வந்தால் தினம் ஒரு வீட்டில் இலைச் சாப்பாடு, பாயசம். மாத்திரை நேரமும் தவறும். ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக இருந்தால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸின் தன்மையே மாறி, பவரும் மாறும். அன்றைக்குப் பார்த்த பவருக்குக் கண்ணாடி போட்டால், சர்க்கரை இறங்கியதும் அது உங்களுடைய கண்ணாடி இல்லை. திடீரென்று பவர் நிறைய மாறியதாகக் காட்டினால் கண்ணாடி ஆர்டரை நிறுத்திவிட்டு முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கண் டாக்டரிடம் விழித்திரையையும் காட்டுங்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா மாதிரி மருத்துவமனைகள் இருக்கிற ஊருக்கு வந்துவிட்டு, கடையில் பவர் மட்டும் பார்த்துக்கொண்டு போவதில் என்ன லாபம்?

கான்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொண்டே பரிசோதனைக்கு வருவது

எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று போன் செய்து கேட்டுவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது

"ப்ளூ கட் போட்டுடலாமா சார்?" என்று எங்கள் பையன்களும் கேட்பார்கள். நீல ஒளியை வடிகட்டும் லென்ஸ் அது. கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வு அதனால் குறையும் என்பதற்குச் சான்று இல்லை; மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொன்னதும் அதைத்தான். வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மெல்லிய லென்ஸும் அப்படித்தான். -1.50 பவருக்கு 1.67 இன்டெக்ஸ் (இந்த எண் ஏற ஏற லென்ஸ் மெலியும்) தேவையே இல்லை. -6, -7 என்றால் அது வேறு கதை, அங்கே காசு செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் பேரம் பேசாமல் பாலிகார்பனேட் வாங்குங்கள், எளிதில் உடையாது.

பத்து வருடப் பழைய ஃபிரேமில் புது லென்ஸ் கேட்பது

பிளாஸ்டிக் காய்ந்து போயிருக்கும். சூடு காட்டி லென்ஸை ஏற்றும்போது விரிசல் விட்டால் எந்தக் கடையும் பொறுப்பேற்காது. எழுதியே வாங்கிக்கொள்வார்கள்.

ஒரே நாளில் நான்கு ஜோடி

விலை மலிவு என்று கண்டதும் ஆபீஸுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, கூலிங் கிளாஸ் ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று புதிதாகப் பார்த்த பவரில் மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறார்கள். ஆக்ஸிஸ் கொஞ்சம் மாற வேண்டும் என்று தெரியவந்தால் நான்கும் போச்சு. முதலில் ஒன்றை மட்டும் வாங்கி நாலைந்து நாள் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு ஒத்துவந்தால், ஒற்றைப் பவர் லென்ஸ் பெரும்பாலும் கடையிலேயே இருக்கும். மற்ற மூன்றையும் ஓரிரு நாளில் போட்டுத் தந்துவிடுவோம்.

பில்

லென்ஸ் தனியாக, ஃபிரேம் தனியாக, உங்கள் பெயர் போட்டு வாங்குங்கள். அங்கே இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும். ஃபிளைட்டுக்குக் கிளம்பிய பிறகு போன் செய்து கேட்காதீர்கள்.